மாற்றம்: புதுச்சேரியின் வாழ்விலும் பாட்டிலும்

கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து புதுச்சேரிப் பள்ளிகளுக்கு வந்து சேரும் மாணவர்கள் ஆகஸ்டு மாதத்தில் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். 15ஆம் நாள் சுதந்திர தினம், அது தெரியும். 16ஆம் நாளும் ஏன் கொடி ஏற்றுகிறார்கள்? அன்று 'சட்டப்படியான அதிகார மாற்ற நாள்' என்று விடை சொன்னால், அடுத்த கேள்வி உடனே வரும்: "அப்படியானால் நவம்பர் 1 என்ன?" அது நடைமுறை அதிகார மாற்றம் நிகழ்ந்த நாள். விடுதலை நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஒரே அதிகாரம் இரண்டு முறை எப்படி மாறும் என்று குழந்தைகள் விழிப்பார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் வகுப்பறையில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியும், 'மாற்றம்' என்ற சொல்லை முழுமையாக விளக்கிவிட்டேன் என்ற நிறைவு எனக்கு வந்ததில்லை. அந்தச் சொல் புதுச்சேரியின் அன்றாட வாழ்விலும், இங்கே பிறந்த பாட்டுகளிலும் என்னென்ன பொருள் பெற்றது என்பதை இக்கட்டுரை தொகுத்துச் சொல்கிறது.

சொல்லின் பொருள்கள்

ஒன்று வேறொன்றாக ஆவதையே இன்று மாற்றம் என்கிறோம். பழந்தமிழில் அச்சொல்லுக்குப் பேச்சு, மறுமொழி என்ற பொருள்கள் உண்டு. திருக்குறளில் அவை அஞ்சாமை அதிகாரத்தில் அது இப்பொருளில்தான் வருகிறது. ஒருவர் கேட்க மற்றவர் விடையளிக்க, சொல் கைமாறுகிறது என்ற கருத்து அதன் பின்னால் இருக்கலாம்.

பொற்கொல்லர் 'மாற்று' என்றால் தங்கத்தின் தரம். உரைகல்லில் தேய்த்து மாற்று அறிவார்கள். 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்ற வழக்கை இன்று மனிதர்களுக்கும் சொல்கிறோம். சலவைத் தொழிலாளர் விசேஷ வீட்டுக்குக் கொண்டுவரும் வெளுத்த துணிக்கும் மாற்று என்று பெயர். பகைவன் மாற்றான். அரசு ஊழியருக்கு மாற்றல். அதிலும் புதுச்சேரி அரசு ஆசிரியருக்கு மாற்றல் என்பது மற்ற ஊர்க்காரர்கள் நினைப்பதுபோல் பக்கத்து ஒன்றியம் அல்ல. நாகப்பட்டினத்துக்கு அருகே காரைக்கால், கேரளக் கடற்கரையில் மாஹே, ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் யானாம் என நான்கு துண்டுகளாகக் கிடக்கும் நிலப்பரப்பில் எங்கு வேண்டுமானாலும் போட்டுவிடலாம். எனக்குக் காரைக்கால் கிடைத்தது. பெட்டி கட்டியபோது என் தாயார், "தமிழ் பேசுற ஊர்தானே, அழாதே" என்றார். பேருந்தில் நடத்துநர் கேட்கும் 'சேஞ்ச்' இவை எதிலும் சேராது. அது ஆங்கில வழியாக வந்த சில்லறை.

சில்லறையும் மாற்றும் இந்த ஊரின் பழைய தொழில். 1736இல், ஆளுநர் துய்மா காலத்தில், ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலிகானிடமிருந்து பிரெஞ்சுக் கம்பெனி இங்கே ரூபாய் அச்சடிக்கும் உரிமையைப் பெற்றது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். வராகன், ரூபாய், பணம், காசு என்று பலவகை நாணயம் புழங்கிய துறைமுகத்தில் எது எதற்கு எத்தனை என்று அறிந்தவனே வணிகன். அங்கே மாற்றம் என்றால் இழப்பு அல்ல. ஒன்றைக் கொடுத்து அதற்கு ஈடான இன்னொன்றைப் பெறுவது.

பண்ணுப் பெயர்த்தல்

இசையில் மாற்றத்துக்குப் பல தனிப்பெயர்கள் உண்டு. ஒரே தாளத்துக்குள் ஓர் எண்ணிக்கையை நான்காகவும் மூன்றாகவும் ஐந்தாகவும் பிரித்தால் நடை மாற்றம். ஒரே பாட்டுக்குள் ராகங்கள் மாறினால் ராகமாலிகை. பழைய மெட்டை வைத்துக்கொண்டு புதுச் சொற்களை எழுதினால் அந்த மெட்டை வர்ணமெட்டு என்பார்கள். சொற்களை வைத்துக்கொண்டு புது மெட்டு அமைத்தால் அதற்குத் தனிப்பெயர் இல்லை. 'மெட்டை மாற்றிவிட்டார்கள்' என்று, பெரும்பாலும் குறையாகச் சொல்கிறோம்.

இவற்றுள் மாணவர்களுக்கு வியப்புத் தருவது கிரக பேதம். மோகன ராகத்தில் ஐந்து சுரங்கள்: ஸ, ரி, க, ப, த. இவற்றில் ஒன்றையும் கூட்டாமல், குறைக்காமல், ரிஷபத்தை ஆதாரமாக, அதாவது ஸட்ஜமாக, வைத்துப் பாடினால் மத்தியமாவதி பிறக்கிறது. காந்தாரத்தை ஆதாரமாக்கினால் இந்தோளம். பஞ்சமத்தை ஆக்கினால் சுத்த சாவேரி. தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி. ஆர்மோனியத்தில் அதே ஐந்து கட்டைகள்தாம். எதிலிருந்து தொடங்கி எதில் வந்து நிற்கிறோம் என்பது மட்டும் வேறு. ஆனால் கேட்பவருக்கு மோகனத்தின் தெளிவு போய் இந்தோளத்தின் ஆழம் வந்துவிடுகிறது.

இது பிற்காலக் கண்டுபிடிப்பு அன்று. சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர்களை இட்டு, வட்டமாக நிறுத்தி ஆடவைக்கிறார்கள். நிற்கும் பெண்கள் அவர்களே. யாரைக் குரலாகக் கொள்வது என்பது மாறினால் பாலை மாறும். பழந்தமிழர் இதைத் திரிபு என்றும் பெயர்த்தல் என்றும் வழங்கினர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்திலும், விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட 'யாழ் நூ'லிலும் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். செம்பாலை இன்றைய எந்த ராகத்துக்கு நேர் என்பதில் அறிஞரிடையே இன்றும் உடன்பாடு இல்லை. கச்சேரி மேடையில் ஜி.என். பாலசுப்பிரமணியம் கிரக பேதம் செய்தபோது அது முறைதானா என்று விவாதமும் எழுந்தது. தம்புரா பழைய ஸட்ஜத்திலேயே மீட்டிக்கொண்டிருக்க, பாடகர் மட்டும் வேறோர் ஆதாரத்தில் நிற்பதுபோல் பாடுவது சிலருக்கு உறுத்தலாக இருந்தது.

1954க்குப் பிறகான புதுச்சேரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தம்புராதான் நினைவுக்கு வருகிறது.

ஆதாரம் மாறிய எட்டு ஆண்டுகள்

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர். மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவுடன் இணைவதை 170 பேர் ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. கேவல் சிங் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார். இதுதான் முதல் மாற்றம். ஆட்சி இந்தியாவுடையது, ஆனால் சட்டத்தின் கண்ணில் நிலம் இன்னும் பிரான்சுக்குரியது. 1956 மே 28 அன்று இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் உடனே வரவில்லை. அல்ஜீரியப் போர் முடிந்து 1962இல் அந்நாடு விடுதலை பெற்ற பிறகே வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இதுதான் இரண்டாவது மாற்றம். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஊர் ஓர் ஆதாரத்தில் பாடிக்கொண்டிருக்க, தம்புரா வேறோர் ஆதாரத்தில் மீட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் இது வேறு விதமாக வந்தது. இந்நிலப்பரப்பில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இயல்பாகவே இந்தியக் குடிமக்கள் ஆவார்கள் என்றது ஒப்பந்தம். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்குத் தந்தையின் முடிவே முடிவு. தந்தை இல்லையென்றால் தாயின் முடிவு. ஆகஸ்டு நடுவிலிருந்து அடுத்த பிப்ரவரி நடுவரை அவகாசம். எந்த நாட்டவராக இருப்பது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க அவ்வளவுதான் நேரம்.

அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி எழுதிக் கொடுக்கவில்லை என்ற கதை புதுச்சேரியின் பல தெருக்களில் உண்டு. ஒரே முற்றத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒரு கிளை பாரிசிலும் மறு கிளை முத்தியால்பேட்டையிலும் வளர்ந்தது. பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களை ஊரில் 'சொல்தா' என்பார்கள். எங்கள் தெருவிலும் ஒரு சொல்தா இருந்தார். ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு அணிவகுப்புக்குப் போவார். ஆகஸ்டு 15 அன்று பள்ளியில் கொடியேற்றத்துக்கும் வந்து பின்வரிசையில் நிற்பார். சிறுவர்களான எங்களுக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. இரண்டு நாளிலும் மிட்டாய் கிடைத்தது.

இதற்கு முன்பும் தாளில் எழுதிக் கொடுத்து மாறிய தலைமுறை ஒன்று இங்கே உண்டு. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காகத் தடுக்கப்பட்டார். அவர் வழக்கைப் பாரிசு உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் வென்றார். பின்னர் 1881 செப்டம்பர் 21 ஆணை வந்தது. சாதி, சமய வழக்கத்தின்படியான தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க விரும்புவோர் அறிவிப்புக் கொடுக்கலாம். கொடுப்பவர் ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பொன்னுத்தம்பி 'லபோர்த்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். ஒடுக்கப்பட்ட சாதியினர் பலருக்குச் சாதியைச் சொல்லாத பெயர் ஒன்று கிடைத்த வழி இது. பெயர் மாறினால் ஆள் மாறுவாரா என்று கேட்பது எளிது. சாதிப் பெயரால் அழைக்கப்பட்டவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவு எளிதல்ல.

தெருப்பெயர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துய்ப்ளே தெரு நேரு வீதி ஆயிற்று. கூர் ஷப்ரோல் குபேர் சாலை ஆயிற்று. மக்கள் அதை 'பீச் ரோடு' என்றே சொல்கிறார்கள். ஊராட்சி அமைப்புக்கு இன்றும் அலுவல் பெயர் 'கொம்யூன் பஞ்சாயத்து'. 2006 அக்டோபர் 1 முதல் 'பாண்டிச்சேரி' என்ற பெயர் சட்டப்படி 'புதுச்சேரி' ஆயிற்று. தமிழில் எழுதுவோர் அதற்கு முன்பும் புதுச்சேரி, புதுவை என்றுதான் எழுதினார்கள். பேச்சில் அன்றும் பாண்டி, இன்றும் பாண்டி.

பாரதி குறித்துவைத்த பைரவி

இதுவரை பார்த்தது சுரங்கள் நிற்க ஆதாரம் மாறிய கதை. சொற்கள் நிற்க மெட்டு மாறிய கதையும் இதே ஊரில் தொடங்குகிறது.

சென்னையில் 'இந்தியா' இதழ் மீது பிரிட்டிஷ் அரசு வழக்குத் தொடுத்த 1908இல் சுப்பிரமணிய பாரதி புதுச்சேரிக்கு வந்தார். 1918 நவம்பரில் இங்கிருந்து கிளம்பி, கடலூர் அருகே கைதாகும்வரை பத்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார். 'பாஞ்சாலி சபதம்', 'குயில் பாட்டு', 'கண்ணன் பாட்டு' மூன்றும் இந்தப் பத்தாண்டின் விளைச்சல். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லமாகவும் நூலகமாகவும் உள்ளது.

பாரதி பாட்டை எழுதிவிட்டு மெட்டைப் பிறரிடம் விட்டவர் அல்லர். தாமே பாடியவர். பல பாடல்களின் தலைப்பில் ராகம், தாளம், சில இடங்களில் எந்தச் சுவை மேலோங்க வேண்டும் என்பதையும் குறித்தார். பிறர் மெட்டையும் எடுத்து ஆண்டார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் பண்ணையடிமையான நந்தனை ஆண்டை இழிவாகப் பேசும் பாட்டு ஒன்று உண்டு. அதன் மெட்டில், சுயராஜ்யம் கேட்கும் இந்தியனை ஆங்கில அதிகாரி இழிவாகப் பேசுவதாகப் பாரதி எழுதினார். மெட்டு அப்படியே இருக்க, ஆண்டையின் இடத்தில் அதிகாரியும் நந்தனின் இடத்தில் நாமும் வந்து நின்றோம். கேட்டவர்களுக்குப் பழைய பாட்டு தெரியும். அதனால்தான் அது சுட்டது. வர்ணமெட்டு என்பது சோம்பேறித்தனம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையில் அவர் தம் காலத்துக் கச்சேரிகளைக் கடுமையாகச் சாடுகிறார். எந்த ஊருக்குப் போனாலும், எந்த வித்துவான் பாடினாலும் அதே சில கீர்த்தனைகளே வருகின்றன என்பது அவருடைய முதல் குறை. பொருள் விளங்காமல் பாடுவதும், சுவைகளின் வேறுபாடு இல்லாமல் பாடுவதும் மற்றக் குறைகள். தமிழில் புதுக் கீர்த்தனைகள் வேண்டும் என்று கேட்டார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாநாட்டில் தொடங்கி, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாக உருப்பெற்ற இயக்கம் கேட்டதும் ஏறக்குறைய அதையே. மாறாமையைப் பற்றிக் குறைப்பட்டவரின் பாட்டுகளுக்கே பின்னர் என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

'கண்ணன் பாட்டு' 1917இல் பரலி சு. நெல்லையப்பர் முயற்சியால் நூலாக வந்தது. அதில் 'கண்ணம்மா - என் குழந்தை' என்ற பகுதியைத்தான் நாம் 'சின்னஞ்சிறு கிளியே' என்று அறிவோம். பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடியது. அதற்குப் பாரதி குறித்த ராகம் பைரவி, தாளம் ரூபகம். அத்துடன் சில சுர வரிசைகளையும் எழுதிவைத்தார். அந்த வரிசைகளை மாதிரியாகக் கொண்டு, பாடுபவர் தம் மனநிலைக்கு ஏற்ப மாற்றிப் பாடலாம் என்றும் குறிப்புக் கொடுத்தார்.

பாட்டை நேசிப்பவர்கள் இந்தக் குறிப்பை இரண்டு முறை படிக்க வேண்டும். இப்படித்தான் பாட வேண்டும் என்று கட்டிப்போடவில்லை. எப்படி வேண்டுமானாலும் பாடு என்று விட்டுவிடவும் இல்லை. பைரவி என்ற நிலத்தைக் காட்டி, அதற்குள் நடமாட விடுகிறார்.

1951இல் 'மணமகள்' திரைப்படம் வந்தது. சி.ஆர். சுப்பராமன் இசையில் இந்தப் பாட்டு ராகமாலிகை ஆயிற்று. எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். காபியில் தொடங்கி ராகங்கள் ஒவ்வொன்றாக மாறிச் செல்லும் அந்த மெட்டை வசந்தகுமாரி கச்சேரிகளிலும் பாடினார். நாட்டியக்காரர்கள் அபிநயத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தாய்மார் தொட்டில் அருகே பாடினார்கள். சில ஆண்டுகளிலேயே பைரவி மறைந்து, ராகமாலிகையே பாட்டின் சொந்த மெட்டாகிவிட்டது.

இதற்கு முன்பே, 1947இல், 'நாம் இருவர்' படத்தில் ஆர். சுதர்சனம் இசையில் டி.கே. பட்டம்மாள் பாரதி பாடல்களைப் பாடியிருந்தார். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை அப்போது ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. 1949இல் சென்னை அரசு உரிமைகளைத் தன்வசம் பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதன்பின் யார் வேண்டுமானாலும் எந்த மெட்டிலும் பாடலாம் என்றாயிற்று. 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்துக்கு ஜி. இராமநாதன் இசையமைத்த 'காற்று வெளியிடைக் கண்ணம்மா' அப்படி வந்த ஒன்று. பாரதியின் மாணவரான இவ்வூர்ப் பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' பாட்டும் 1951இல் 'ஓர் இரவு' படத்தின் வழியாகத்தான் தேஷ் ராகத்தில் வீடுதோறும் சென்றது.

மெட்டை மாற்றியது தவறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுப்பராமனின் மெட்டு இல்லையென்றால் இந்தப் பாட்டு பாடநூலிலேயே உறங்கியிருக்கக்கூடும். பாரதி எழுதிவைத்த சுரங்களும் எலும்புக்கூடு மட்டுமே. எந்தச் சுரத்தை எப்படி அசைத்தார், எங்கே நின்றார் என்பதைத் தாளில் எழுத முடியாது. அவர் குரல் பதிவாகவும் இல்லை. ஆகவே 'அசல் மெட்டு' இதுதான் என்று இன்று யாரும் அடித்துச் சொல்ல இயலாது. ஆனால் ராகமாலிகைதான் பாரதி அமைத்தது என்று நம்பி, அவ்வாறே எழுதியும் வருகிறார்களே, அது தவறு. முதல் மெட்டு இருந்தது என்பதையே மறந்துவிட்டால், மாற்றினோம் என்று சொல்லவும் நமக்கு வழியில்லாமல் போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிகளுக்கிடையிலான பாரதி பாடல் போட்டி ஒன்றில் நடுவர்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'சின்னஞ்சிறு கிளியே' பாட்டைப் பைரவியில் பாடினாள். அவளுடைய பாட்டி சொல்லிக்கொடுத்ததாம். அரங்கில் சலசலப்பு. குரல் நன்றாக இருந்தது, தாளமும் பிசகவில்லை. மற்ற இரு நடுவர்களும் 'மெட்டு தவறு' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். நான் பையிலிருந்த 'கண்ணன் பாட்'டைத் திறந்து தலைப்புக்குக் கீழே இருந்த வரிகளைக் காட்டினேன். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். அதற்குள் முடிவை ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டார்கள்; அவளுக்கு ஆறுதல் பரிசு. மேடையிலிருந்து இறங்கும்போது அவளைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "பாட்டி சொன்னது சரிதானா ஐயா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த ஆண்டுப் போட்டி விதிகளில் ஒரு வரி கூடியிருந்தது: பாரதியார் குறித்த ராகத்திலும் பாடலாம்.